பேட்டரியை மாற்றும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

நேற்றும் ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பானட்டைத் திறந்தால் பளபளவென்று புதுப் பேட்டரி. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "அண்ணா, பேட்டரி மாத்தியும் எடுக்க மாட்டேங்குதுங்க" என்றார் அந்தத் தம்பி. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனையைக் கழற்றினேன். பச்சைப் பொடி பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி முறுக்கியதும் முதல் சாவியிலேயே எடுத்துவிட்டது. பழைய பேட்டரியைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டாராம். அது நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கலாம்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற வழியில், கோரிமேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் சேலத்து வண்டி, ஏற்காட்டு வண்டி இரண்டையும் பார்க்கிறேன். ஊர் வேறு, மாடல் வேறு, ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே முடிவு: "ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரி போச்சு." இந்த நினைப்பு எப்படி வேரூன்றியது என்று சொல்கிறேன். பெட்ரோல் ஏறாமலோ ப்ளக்கில் கரண்ட் வராமலோ வண்டி நிற்கிறது. ஓட்டுகிறவர் விடாமல் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கிறார். பத்து நிமிஷத்தில் பேட்டரி இறங்குகிறது. பிறகு ஒரு ஆள் வந்து மீட்டரை வைத்து, "பேட்டரி டவுனுங்க" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் வண்டி எடுக்காததால்தான் பேட்டரி இறங்கியது. பேட்டரி இறங்கியதால் வண்டி எடுக்காமல் போகவில்லை. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறீர்கள்.

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று முதலில் கேளுங்கள். இன்ஜின் சுற்றவேயில்லை, "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். வெளிச்சம் குறையாமல் நின்றால் இன்ஜினைச் சுற்றவைக்கும் செல்ஃப் மோட்டார், அதற்குக் கரண்ட் விடும் சொலினாய்டு, இக்னிஷன் சுவிட்ச், எர்த் ஒயர் இந்தப் பக்கம் தேடணும். மீட்டர் உள்ளவர்களுக்கு: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. அதே சமயம் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. இதற்கு ஒரு நிமிஷம் போதும். இதைச் செய்யாமல் பேட்டரியை மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் ஏன் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். ஒன்று பெட்ரோல், இல்லை கரண்ட். வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) உள்ள பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஏற்காட்டு மலைப்பாதை தனிப் பாடம். சித்திரை வெயிலில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே போய் வண்டியை அணைத்துவிட்டுக் காட்சி பார்க்கிறீர்கள். திரும்பி வந்தால் எடுக்காது. இன்ஜின் சூட்டில் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். பானட்டைத் திறந்து வையுங்கள். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். நான் கீழிருந்து வந்து சேர்வதற்குள் அதுவே எடுத்துவிடும். கார்த்திகை, மார்கழிக் காலையில் கதை வேறு. பனி மூட்டத்தில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில் ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் பிடித்துவிடும், ப்ளக் ஒயரிலும் அப்படியே. கரண்ட் ப்ளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் எடுத்துவிடும். எஸ்டேட் டிரைவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரக் கடைசிக்கு வருகிறவர்கள்தான் பேட்டரிக் கடையைத் தேடுகிறார்கள்.

மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் இன்னொன்றும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்ப்புக்குள் இருக்கும் டயபிரம் என்ற சவ்வும் இதற்காகச் செய்தவை அல்ல. ஊறி, இளகி, விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். அதற்காகும் செலவு ஒரு பேட்டரியில் சின்னப் பங்குகூட இல்லை.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் அரை நிமிஷமாவது விடுங்கள். மோட்டார் சூடேறி எரிந்தால் செலவு இரட்டிப்பு. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒரு தடவை அடியுங்கள். கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்கிறவர்களை வண்டிப் பக்கமே விடாதீர்கள். இன்ஜினிலிருந்து நெருப்பு திருப்பி அடிக்கிற ஒரு பேக்ஃபயர் போதும், பாட்டில் கையிலேயே பற்றிக்கொள்ளும். அப்படி வெந்த கையையும் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எடுக்காத வண்டியை மலை இறக்கத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு போன் செய்யுங்கள். செய்யும்போது "பேட்டரி போச்சுங்க" என்று ஆரம்பிக்காமல், என்ன சத்தம் வருகிறது, வண்டி சூடாக இருக்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா, இந்த மூன்றையும் சொல்லுங்கள். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அதிலேயே தெரிந்துவிடும்.