மவுத்பீஸுக்குத் தங்க முலாம்: அந்த ஒரு மைக்ரானுக்கு அடியில் என்ன நடக்கிறது?

என் டிரம்பெட் மவுத்பீஸில் உதடு பதியும் விளிம்பில் வெள்ளி தேய்ந்து, பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் வாசித்தாலே மேல் உதட்டில் வளையமாக ஒரு தடிப்பு, நாக்கில் பழைய செப்புக் காசைச் சப்பினது மாதிரி ஒரு ருசி. சரி, தங்க முலாம் பூசிவிடலாம் என்று நகைக்கு முலாம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாளே தகதகவென்று கைக்கு வந்தது, ஆறே வாரத்தில் அதே இடத்தில் செதில் செதிலாக உரிந்தது. தங்கம் மட்டமானதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு இந்த வேலை எப்படி நடக்கிறது என்று படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டபோதுதான், தங்கத்தில் ஒரு குறையும் இல்லை, தங்கத்துக்கு அடியில் செய்ய வேண்டிய வேலை எதையும் யாரும் செய்யவில்லை என்பது புரிந்தது.

முதலில் பித்தளையில் என்ன பிரச்சினை என்று பார்ப்போம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. லேத்தில் சுலபமாகக் கடைவதற்காகச் சில வகைப் பித்தளைகளில் 2, 3 சதவீதம் வரை காரீயமும் சேர்ப்பார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும் என்பது நம் சமையலறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். உதட்டு வியர்வையும் எச்சிலும் புளியைவிட மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்வது அதே வேலைதான்: செம்பையும் துத்தநாகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். அதனால்தான் மவுத்பீஸ்கள் பெரும்பாலும் வெள்ளி முலாமோடு விற்பனைக்கு வருகின்றன. வெள்ளி நல்ல பாதுகாப்பு, ஆனால் காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகி கறுக்கும். சிலருக்கு உதட்டில் வெள்ளி பட்டாலும் ஒத்துக்கொள்வதில்லை. தங்கம் கந்தகத்தோடும் சேராது, எச்சிலிலும் கரையாது. அதைத் தேடிப் போவதற்குக் காரணம் அதுதான்.

எவ்வளவு தங்கம் தேவைப்படும்? ஒரு டிரம்பெட் மவுத்பீஸ் கிட்டத்தட்ட 100 கிராம் எடை இருக்கும், அதன் மேற்பரப்பைத் தோராயமாக 40 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மீது 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத் தங்கம் படிந்தால், அதன் கன அளவு 0.004 கன சென்டிமீட்டர், தங்கத்தின் அடர்த்தி 19.3 என்பதால் எடை 77 மில்லிகிராம். ஒரு குன்றிமணி எடைகூட வராது! ஆனாலும் அந்த மெல்லிய படலத்தில் சுமார் 4,000 அணு அடுக்குகள் இருக்கின்றன. நம்முடைய ஒரு தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

இந்தத் தங்கம் எப்படி அங்கே போய் உட்காருகிறது? மவுத்பீஸை மின்சுற்றின் எதிர்மின்வாயில் இணைத்து, தங்கம் கரைந்திருக்கும் கரைசலில் இறக்குவார்கள். எதிரே நேர்மின்வாயாகப் பெரும்பாலும் கரையாத உலோகம், பிளாட்டினம் பூசிய டைட்டானியம் போல ஏதாவது இருக்கும். மின்சாரம் ஓடும்போது மவுத்பீஸின் மேற்பரப்பில் ஒவ்வொரு தங்க அயனியும் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தங்க அணுவாக மாறிப் படிந்துவிடுகிறது. ஓர் அயனிக்கு ஓர் எலக்ட்ரான் என்பதால் கணக்கு துல்லியம். மைக்கேல் ஃபாரடே 1830களில் கண்டுபிடித்த விதிப்படி, வீணாகாமல் 1 ஆம்பியர் மின்சாரம் 1 மணி நேரம் ஓடினால் 7.35 கிராம் தங்கம் படியும். நம்முடைய 77 மில்லிகிராமுக்கு 38 கூலும் மின்னூட்டம் போதும், 0.2 ஆம்பியரில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். சூடான கரைசலில் மூன்று நிமிடம், முடிந்தது. இவ்வளவு நேரம் பேசுகிற வேலையில் தங்கத்துக்கென்று செலவாகும் நேரம் அவ்வளவுதான்.

கரைசலில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் தங்க சயனைடு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்த உப்பு கரைந்ததும் தங்கம் இரண்டு சயனைடு அயனிகளோடு இறுகக் கட்டுண்ட நிலையில் இருக்கும், அந்த மொத்தக் கூட்டுக்கும் இருப்பது எதிர் மின்னூட்டம். அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட ஒன்று எதிர்மின்வாயில் போய்ப் படிய வேண்டும்! மின்புலம் அதைத் தள்ளத்தான் பார்க்கும். ஆனால் மேற்பரப்பை ஒட்டிய கரைசலில் தங்கம் தீரத் தீர, அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுதல் மூலமாகவே புதிய தங்கம் வந்து சேருகிறது. அதனால்தான் கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கலக்காவிட்டால் சில இடங்களில் பழுப்பாகக் கருகின மாதிரி படியும். அப்புறம், சயனைடு தங்கத்தை அவ்வளவு இறுகப் பிடித்திருப்பதால் அது அவசரப்படாமல், நுண்ணிய மணிகளாக, வழவழப்பாகப் படிகிறது.

இந்த அறிவு சுலபமாக வந்துவிடவில்லை. வோல்ட்டா 1800இல் மின்கலத்தைச் செய்து காட்டினார், ஐந்தே வருடத்தில், 1805இல், அவருடைய நண்பரான இத்தாலிய வேதியியலாளர் லூய்ஜி புருக்னடெல்லி அதைக் கொண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குத் தங்க முலாம் பூசினார். ஆனாலும் அது தொழிலாக மாறவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் ரைட் என்ற அறுவை மருத்துவர் பொட்டாசியம் சயனைடு கரைசல் இதற்குப் பொருத்தமாக இருப்பதைக் கண்டுபிடித்து, எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் இது ஊரெங்கும் பரவியது. அதற்கு முன்னால் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தே எத்தனையோ தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். சயனைடும் லேசுப்பட்டதில்லை, அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகும், கொல்லும். இதை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது, தயவுசெய்து.

இனி என் மவுத்பீஸ் ஏன் உரிந்தது என்ற கதைக்கு வருகிறேன். பள்ளியில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? மின்சாரமே இல்லாமல் ஆணி மேல் செம்பு படியும், விரலால் தேய்த்தால் வந்துவிடும். இரும்பு செம்பைவிட வினைபுரியும் உலோகம் என்பதால் தான் கரைந்து, செம்பை வெளியே தள்ளுகிறது. தங்கத்துக்கு அஸ்திவாரமாக முதலில் வெள்ளி ஏற்றுவதற்குப் பித்தளையை நேராக வெள்ளிக் கரைசலில் போட்டாலும் இதேதான் நடக்கும்: செம்பும் துத்தநாகமும் கரைந்து, வெள்ளி பொலபொலவென்று பிடிப்பில்லாமல் படியும். அதன் மேல் என்ன அழகான முலாம் போட்டாலும் அது மணல் மேல் போட்ட தளம். இதைத் தவிர்க்கத்தான் ‘ஸ்ட்ரைக்’ என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். வெள்ளி மிகக் குறைவாகவும் சயனைடு மிக அதிகமாகவும் இருக்கும் கரைசலில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொருளை இறக்கி, சில நொடிகளில் மெல்லிய, இறுகப் பிடித்த ஒரு வெள்ளித் தோலைப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கமான வெள்ளிக் கரைசலில் பல மைக்ரான் தடிமனுக்கு வெள்ளி ஏற்றுவது.

வெள்ளியைப் போடாமல் பித்தளை மேலேயே தங்கம் போட்டால் என்ன என்று கேட்கலாம். என் முதல் அனுபவம் அதுதான். ஒரு மைக்ரான் தங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே எச்சில் இறங்கினால், தங்கமும் பித்தளையும் எச்சிலும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும், அந்த பேட்டரியில் கரைவது பித்தளை. வெறும் பித்தளையாக விட்டிருந்தால் மேற்பரப்பு முழுக்க மெதுவாக நடக்கும் அரிப்பு, இப்போது அந்த ஊசித்துளையில் குவிந்து வேகமாக நடக்கும். போதாததற்குச் செம்பு அணுக்களும் நாளடைவில் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்து நிறத்தைக் கெடுக்கும். மின்னணுப் பாகங்களில் இதைத் தடுக்கத் தங்கத்துக்கு அடியில் நிக்கல் போடுவார்கள். உதட்டில் படும் பொருளுக்கு நிக்கல் வேண்டாம், நிறைய பேருக்கு நிக்கல் ஒவ்வாமை உண்டு. அதனால் இங்கே வெள்ளிதான் அஸ்திவாரம்.

அதற்கும் முன்னால் சுத்தம். கொழுப்பு நீக்கும் காரக் கரைசல், மின்சாரம் செலுத்தி ஒரு சுத்தம், அப்புறம் லேசான அமிலத்தில் ஒரு முக்கு, நடுநடுவே நன்றாக அலசல். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பொருளைத் தண்ணீரில் முக்கி எடுத்தால், தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நிற்க வேண்டும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் எங்கேயோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு விரல் ரேகை போதும், முலாம் அங்கே பிடிக்காது.

இந்த வரிசையில் வாசிப்பவர் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம், சுழன்று மெருகேற்றும் துணிச் சக்கரமான பஃப் சக்கரம். முலாம் அடியில் இருக்கும் கீறலை நிரப்பாது, அப்படியே பிரதி எடுக்கும், ஆகவே முன்கூட்டியே மெருகேற்ற வேண்டும். ஆனால் பஃப்பில் கொஞ்சம் அழுத்தினாலும் தங்கம் கூட்டப்போகும் ஒரு மைக்ரானைப் போலப் பல மடங்கு பித்தளை போய்விடும். உதடு அந்த வித்தியாசத்தை உடனே கண்டுபிடிக்கும். ஆஸ்திரியாவில் பிறந்து 1914இல் அமெரிக்கா போன டிரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக், பழுது பார்க்கக் கொடுத்த தன் மவுத்பீஸ் கெட்டுப்போய்த் திரும்பி வந்ததால்தான், பொறியியல் படித்தவர் என்ற தைரியத்தில் தானே ஒரு லேத் வாங்கிக் கடைய ஆரம்பித்தார். 1918இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த வேலைதான் இன்று உலகம் முழுக்க மாணவர்கள் கையில் இருக்கும் பாக் 7சி மவுத்பீஸ் வரை வந்திருக்கிறது. விளிம்பின் வளைவு ஒரு நூலிழை மாறினால் வாசிப்பவருக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முலாம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் படியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புகளுக்கு நிறைய போகும், பள்ளங்களுக்குக் குறைவாகப் போகும். மவுத்பீஸில் துருத்தி நிற்பது உதடு படும் விளிம்பு, அதிகத் தேய்மானம் நடப்பதும் அங்கேதான், ஆகவே இயற்கையே நமக்கு உதவி செய்கிறது. விளிம்புக்கு உள்ளே கிண்ணம் மாதிரி இருக்கும் குழியின் அடியில் குறைவு. அதன் கீழே இருக்கும் கழுத்துத் துளை, பாக் நிறுவனத்தின் வழக்கமான அளவில் 3.66 மில்லிமீட்டர்தான், அதற்குள் மெல்லிய கம்பியைத் தனி நேர்மின்வாயாகச் செருகினால் ஒழிய ஏறக்குறைய ஒன்றும் படியாது. படிந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மைக்ரான் குறைவதால் காற்றோட்டம் மாறப்போவதில்லை.

தங்கம் பூசினால் நாதம் இனிமையாகும் என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். 100 கிராம் பித்தளை மீது 77 மில்லிகிராம் தங்கம், அது சுவரின் அதிர்வை மாற்றி நாதத்தை மாற்றும் என்று என்னால் நம்ப முடியவில்லை. உதட்டுக்குக் குளிர்ச்சி குறைவாகத் தெரிகிறது என்பதும் தங்கத்தின் வெப்பக் கடத்தலால் இருக்க முடியாது, அந்தப் படலம் அவ்வளவு மெல்லியது, வெப்பத்தை வாங்குவது அடியில் இருக்கும் பித்தளைதான். ஆனால் உதடு தங்கத்தின் மேல் வழுக்கும் விதம் வேறு, இதை நானே உணர்கிறேன். நொடிக்குச் சில நூறு தடவை அதிரும் உதடு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விளிம்பில் கொஞ்சம் நகர வேண்டியிருக்கிறது. அந்த நகர்வு இலகுவானால் வாசிப்பவர் வாசிக்கும் விதம் மாறும், அதனால் நாதமும் மாறலாம். வெள்ளி ஒத்துக்கொள்ளாதவருக்கோ இதில் விவாதமே இல்லை, உதடு வீங்காமல் வாசிக்க முடிகிறது.

சுத்தத் தங்கம் மென்மையானது, சீக்கிரம் தேயும். சிறிது கோபால்ட் சேர்த்த கடினத் தங்கம் பல மடங்கு அதிக நாள் தாங்கும். ஒவ்வாமைக்காகப் பூசுபவர்கள் எதைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட வேண்டும், நிக்கல் சேர்க்கும் இடங்களும் உண்டு. வெள்ளிக்குப் போடும் பாலிஷை இதன் மேல் போடவே கூடாது, அதில் இருக்கும் நுண்பொடி தங்கத்தையே சுரண்டி எடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான துணி, போதும்.

இரண்டாவது தடவை பழைய முலாமையெல்லாம் நீக்கி, ஸ்ட்ரைக், வெள்ளி, தங்கம் என்று முறையாகச் செய்து வாங்கி நான்கு வருடம் ஆகிறது. விளிம்பின் உள்பக்க ஓரத்தில், உதடு அதிகமாக அழுத்தும் இடத்தில், இந்த மாதம்தான் மஞ்சள் கொஞ்சம் வெளுத்து அடியில் இருக்கும் வெள்ளி தெரிய ஆரம்பித்திருக்கிறது. பித்தளை இன்னும் தெரியவில்லை, உதட்டிலும் தடிப்பு இல்லை.