பட்டியலில் இருக்கிறது, படித்தீர்களா?

ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை அச்சேறுவதற்கு முன் செம்மை பார்ப்பது என் வேலை. அதில் பாதி நேரம் கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் மேற்கோள் பட்டியலில்தான் போகும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலும் கட்டுரையும் உண்மையிலேயே இருக்கிறதா, ஆண்டும் பெயரும் சரியா, உள்ளே காட்டியதும் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இளம் ஆய்வாளர்கள் மேற்கோள் பற்றிக் கேட்கும் சந்தேகங்களோ பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆண்டை அடைப்புக்குள் போடுவதா வெளியே போடுவதா? இந்த இடத்தில் கால்புள்ளியா, முற்றுப்புள்ளியா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கால்புள்ளி தப்பாக இருந்தால் நான் திருத்திவிடுவேன், நான் விட்டால் மென்பொருள் திருத்திவிடும். எங்கள் இருவராலும் திருத்த முடியாத தவறு ஒன்று உண்டு. ஆதாரம் என்று காட்டிய கட்டுரையைத் திறந்தால், அதில் அந்தச் செய்தியே இருக்காது. அல்லது இருக்கும், ஆனால் வேறு மாதிரி இருக்கும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு கடிதத்தின் கதை. ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் எழுதியது. மொத்தமே ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு ஒரு முறையாவது ஓபியாய்டு வகை வலி மருந்து கொடுக்கப்பட்டது. முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேருக்கு மட்டுமே அந்தப் பழக்கம் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் சாரம். மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டில் வைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் ‘இந்த மருந்துகளால் அடிமையாவது அபூர்வம்’ என்பதற்கு ஆதாரமாக இந்தக் கடிதத்தை ஒருவர் பின் ஒருவராகக் காட்டிக்கொண்டே போனார்கள். 2017இல் அதே இதழில் வந்த ஒரு பகுப்பாய்வு, கடிதத்தைக் காட்டிய 608 வெளியீடுகளை எடுத்துப் பார்த்தது. 72 சதவீதத்துக்கும் மேலானவை அடிமையாவது அபூர்வம் என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டியிருந்தன. அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதைச் சுமார் 81 சதவீத வெளியீடுகள் சொல்லவே இல்லை. இந்த வலி மருந்துகளுக்கு ஏராளமானோர் அடிமையான அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்தப் பகுப்பாய்வை எழுதியவர்கள் கருதினார்கள். கவனியுங்கள், பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் சரியாக இருந்தாலும் இது நடக்கும். வடிவம் பார்க்கும் எந்தச் சோதனையிலும் இது மாட்டாது.

ஐந்து வாக்கியத்தைக்கூடப் படிக்காமலா காட்டினார்கள்? பலர் படித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எப்படிச் சொல்கிறேன் என்றால், மிக்கயில் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் அச்சுப்பிழைகளைப் பின்தொடர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். புகழ்பெற்ற ஒரு இயற்பியல் கட்டுரையைக் காட்டிய நாலாயிரத்துச் சொச்சம் மேற்கோள்களில் 196 இடங்களில் பிழை. அதில் ஒரே பிழை மட்டும் 78 தடவை அப்படியே திரும்ப வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியாக அதே எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்க முடியாது. ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் பட்டியலுக்கு நகல் போயிருக்கிறது. மூலத்தைப் படித்துவிட்டுக் காட்டுபவர்கள் ஐந்தில் ஒருவர்தான் இருப்பார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த விகிதத்தில் வாதத்துக்கு இடமுண்டு. நகல் போவதில் வாதமே இல்லை, நான் தினமும் பார்ப்பது அதைத்தான். ஒரு துறையில் வரும் நான்கைந்து கட்டுரைகளில் ஒரே நூலுக்கு ஒரே தப்பான ஆண்டு இருந்தால், எல்லோரும் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

இதைவிட வேடிக்கை, இல்லாத கட்டுரையே மேற்கோளாவது. எல்செவியர் பதிப்பகத்தின் எழுத்தாளர் வழிகாட்டியில், பட்டியலை எப்படி அமைப்பது என்று காட்ட ஒரு மாதிரிக் கட்டுரையைக் கற்பனையாகப் போட்டிருந்தார்கள். ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’ என்ற பொருளில் தலைப்பு, மூன்று ஆசிரியர்கள், 2000 என்று ஆண்டு. அந்த ஆய்விதழே கிடையாது. ஆன்-வில் ஹார்சிங் 2017இல் இதை வெளியே கொண்டுவந்தபோது, ஆய்விதழ் மேற்கோள்களைத் தொகுக்கும் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் அது ஏறக்குறைய 400 தடவை மேற்கோளாகி இருந்தது. கட்டுரை எழுதத் தரப்படும் மாதிரிக் கோப்பில் இருந்த அந்தப் பதிவை அழிக்காமலே விட்டவர்கள் நிறைய பேர்.

சரி, மூலம் கையில் கிடைக்கவில்லை, வேறொருவர் எடுத்தாண்டதைத்தான் படித்தோம் என்றால்? அதை அப்படியே சொல்லிவிடலாம், அதற்கு எல்லா மேற்கோள் நடைகளிலும் (அதாவது மேற்கோள் காட்டும் விதிமுறைகளிலும்) இடமிருக்கிறது. வாக்கியத்தில் மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி, ‘இவர் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று நீங்கள் படித்த நூலைக் காட்டுங்கள். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையில் பட்டியலில் ஏறுவது நீங்கள் படித்த நூல் மட்டும்தான். இப்படிக் காட்டுவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். பார்க்காத ஆளைப் பார்த்ததாகச் சாட்சி சொல்வதைவிட, கேள்விப்பட்டேன் என்று சொல்வது எவ்வளவோ மேல். ஒரு நிபந்தனை: உங்கள் வாதம் முழுக்க அந்த ஒரு மூலத்தின் மேல்தான் நிற்கிறது என்றால் எப்பாடுபட்டாவது தேடிப் படித்துவிடுங்கள். நூலகரிடம் கேளுங்கள், எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

அடுத்தது, மேற்கோளை எங்கே வைப்பது. வழிகாட்டிகள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. நான் பார்க்கும் சிக்கலில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. மாதிரிக்கு நானே எழுதிய ஒரு வாக்கியம் (அ, ஆ, இ கற்பனை ஆசிரியர்கள்):

‘தூக்கம் குறைந்தால் மாணவர்களின் நினைவாற்றல் பாதிக்கப்படுகிறது, தேர்வில் மதிப்பெண்ணும் குறைகிறது, எனவே பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும் (அ, 2015, ஆ, 2018, இ, 2020).’

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றையும் திறந்து பார்க்கிறோம் என்று வையுங்கள். ‘அ’ செய்தது ஆய்வகச் சோதனை, அதில் கலந்துகொண்டவர்கள் மாணவர்கள் அல்ல, நடுவயதுக்காரர்கள். ‘ஆ’ ஒரு கணக்கெடுப்பு; குறைவாகத் தூங்குவதாகச் சொன்ன மாணவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது என்கிறதே தவிர, எதனால் எது என்று சொல்லவில்லை. ‘இ’ ஒரு கருத்துக் கட்டுரை. மூன்று வேறு தரமுள்ள மூன்று செய்திகளைக் கடைசியில் ஒரே அடைப்புக்குள் கட்டிப்போட்டதால், எல்லாமே ஒரே உறுதியோடு நிரூபிக்கப்பட்டது போலத் தெரிகிறது. பிரித்து எழுதினால் இப்படி வரும்:

‘நடுவயதினரிடம் நடத்திய ஆய்வகச் சோதனையில் தூக்கக் குறைவு நினைவாற்றலைப் பாதித்தது (அ, 2015). குறைவாகத் தூங்குவதாகச் சொன்ன மாணவர்களின் மதிப்பெண்ணும் குறைவாக இருந்ததாக ஒரு கணக்கெடுப்பு தெரிவிக்கிறது (ஆ, 2018). பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று இ (2020) வாதிடுகிறார்.’

நீளம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. எந்தச் செய்தி யாருடையது, எவ்வளவு உறுதியானது என்று படிப்பவருக்குத் தெரிகிறது. ‘நிறுவினார்’ என்ற வினைச்சொல்லைக் கண்டபடி போடாதீர்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் தெரிவிக்கிறார்கள், வாதிடுகிறார்கள், ஊகிக்கிறார்கள். நிறுவுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

‘வரிக்கு வரி எடுக்கவில்லை, என் சொந்த நடையில் எழுதிவிட்டேன், அப்புறம் எதற்கு ஆதாரம்?’ என்று கேட்பவர்களும் உண்டு. கருத்து யாருடையதோ அவர் பெயர் வர வேண்டும், நடை யாருடையதாக இருந்தாலும் சரி. அதேபோல ஆதாரம் காட்டிவிட்டால் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் தப்பு. சொற்கள் அவருடையவை என்றால் மேற்கோள்குறி வேண்டும், பக்க எண்ணும் வேண்டும். இரண்டு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டு ‘சொந்த நடை’ என்று சொல்வது செல்லாது. மற்ற எழுத்துகளோடு ஒற்றுமை காட்டும் மென்பொருளின் சதவீதத்தை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். முறையாக மேற்கோள்குறிக்குள் போட்டதையும் அது ஒற்றுமை என்று காட்டலாம். நன்றாக மாற்றி எழுதிய திருட்டு அதன் கண்ணில் படாமலே போகலாம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டுமா என்றால், இல்லை: கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். துறையில் எல்லோரும் அறிந்ததா என்ற சந்தேகம் வந்தால் காட்டிவிடுவதே நல்லது.

அடிக்குறிப்பு முறையில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. ‘மேலது, ப. 45’ (முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல், 45ஆம் பக்கம்) என்று போட்டுக்கொண்டே போவீர்கள். மூன்றாவது திருத்தத்தில் நெறியாளர் சொன்னார் என்று நடுவே ஒரு புது அடிக்குறிப்பைச் செருகுவீர்கள். அந்த நொடியில் அதற்கு அடுத்த ‘மேலது’ வேறொரு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். கணினி அடிக்குறிப்பு எண்களை மாற்றிக் கொடுக்கும், ‘மேலது’வை மாற்றாது. எழுதி முடிக்கும்வரை எல்லா இடத்திலும் ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையுமே போட்டுவையுங்கள். இதழ் கேட்டால் மட்டும் கடைசியில் ‘மேலது’வாக மாற்றலாம்.

நடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ அது கேட்கும் நடை, அது கேட்கும் பதிப்பு. பழைய பதிப்பைப் பின்பற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. ஏ.பி.ஏ.வின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. அதன்படி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் முதல் தடவையிலேயே ஒரு பெயரும் ‘மற்றும் பிறர்’ என்பதும் போதும், நூல் வெளியான ஊரைப் போட வேண்டாம். ஆறாம் பதிப்பைப் பார்த்து ஊர் பெயரைத் தேடிக்கொண்டிருப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) நடையின் ஒன்பதாம் பதிப்பு 2021இலும், சிகாகோ நடையின் பதினெட்டாம் பதிப்பு 2024இலும் வந்துவிட்டன.

ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் போன்ற, மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிடும் மென்பொருள்களைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், ஆனால் அவை இழுத்துக்கொண்டு வரும் விவரத்தை ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். பெயர்களில்தான் அதிகம் சொதப்பும். பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று அவை எடுத்துக்கொள்ளும். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முதலில் வரும், ஸ்பானியப் பெயரில் இரண்டு குடும்பப்பெயர் இருக்கும், ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. முன்னெழுத்து மட்டும் உள்ள பெயர்கள் கேட்கவே வேண்டாம், ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். டிஓஐ எண் (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) இருந்தால் போடுங்கள், போட்டபின் அதைச் சொடுக்கி அதே கட்டுரைதான் திறக்கிறதா என்று பாருங்கள். இணையப் பக்கத்தைக் காட்டினால் அன்றைக்கே, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகலைச் சேமித்துவிடுங்கள். கட்டுரை வெளிவரும் முன்பே பக்கம் காணாமல் போவது சகஜம்.

தவறு அல்லது மோசடி தெரிந்து இதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் காட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு லான்செட் இதழில் 1998இல் வந்த கட்டுரை, 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். நீங்கள் தரவிறக்கி வைத்திருக்கும் பிடிஎஃப் கோப்புக்குத் தான் திரும்பப் பெறப்பட்ட சேதி தெரியாது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம், ஜோட்டெரோ தானாகவே எச்சரிக்கும். அப்படிப்பட்ட கட்டுரையைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ‘இதற்கு ஐந்து ஆதாரம் கொடு’ என்று கேட்டு வாங்கிய பட்டியல்களும் வருகின்றன. பார்த்தால் அச்சு அசலாக இருக்கும். ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், கட்டுரை மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை முன்மாதிரியாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. இதற்குச் சோதனை எளிது: தலைப்பை அப்படியே தேடுங்கள், அந்த இதழின் அந்தத் தொகுதிக்குப் போய் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறு கட்டுரை இருந்தால் கதை முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் செம்மை பார்ப்பவரிடமிருந்து கேள்வி வரும். ‘இந்த ஆதாரம் பட்டியலில் இல்லை, தரவும்’ என்று ஓரத்தில் எழுதுவேன். திரும்பி வரும் படியில் பலர் செய்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: அடைப்புக்குள் இருந்த பெயரை மட்டும் அழித்துவிட்டு, வாக்கியத்தை அப்படியே விட்டிருப்பார்கள். கேள்வி போய்விட்டது, ஆனால் இப்போது யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பு உங்களுடையதாக நிற்கிறது. ஆதாரத்தைத் தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் வாக்கியத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். தேட அவகாசம் வேண்டும் என்றால் பதிப்பாசிரியருக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.