4294967297 எப்படி உடைகிறது?

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, விடையோடு 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2³²+1, அதாவது 4294967297. இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலர் ஆய்லர் 4294967297-ஐ உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கண்ணை மூடிக்கொண்டு 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போனால், 641 வருவது 116-ஆவது முயற்சியில். அவ்வளவு உழைப்பு தேவையில்லை. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1 (அதாவது, மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது). இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. ஆகவே 2-இன் அடுக்குகளில் மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும். 32-ஐ வகுக்கக் கூடாது. அப்படியானால் அது 64 மட்டுமே. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வரும் அடுக்கும் மீதி 1 தரும். எனவே பகா எண்ணில் ஒன்று குறைந்த அந்த அடுக்கு 64-இன் மடங்கு. இந்தத் தேற்றம் ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு.

ஆக, சோதிக்க வேண்டியவை 64-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்கள் மட்டும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே எண் உடைந்துவிடுகிறது.

நீள்வகுத்தல்கூட வேண்டாம். 641 = 5×2⁷+1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴+2⁴ என்பதால், 5⁴-க்குப் பதில் −2⁴ என்று வைக்கலாம். அப்போது −2³²-இன் மீதி 1. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. இதைவிட அழகான நிரூபணங்கள் எண் கோட்பாட்டில் அதிகம் இல்லை.

6700417 மேலும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதை வகுக்கும் பகா எண் 4294967297-ஐயும் வகுக்கும், ஆகவே மேலே கண்ட விதி இங்கும் பொருந்தும். அந்த விதியில் வரும் 64-ஐ 128 ஆக்கலாம் என்று பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா பின்னர் காட்டினார். 128-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்களில் இந்த எல்லைக்குள் வருபவை 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யமில்லை, எனவே 6700417 பகா எண்.

கணினியில் சோதிப்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, ஒன்று குறைத்த அதன் மதிப்பை அடுக்காக வைத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது ஃபெர்மா சோதனை. 2-ஐ அடியாக வைத்து இதைச் செய்தால் 4294967297 பகா எண் போலத் தேறிவிடும். 2⁶⁴-இன் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கான 2³² என்பதோ 64-இன் மடங்கு. இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அடி 2-இல் ஏமாறும், ஏனெனில் வர்க்கப்படுத்தும் வழியில் மீதி −1 வந்தாலே அது தேறவிடும், இங்கே 2³²-இன் மீதி −1. அடியை 3 ஆக்குங்கள். 1877-இல் கணிதவியலர் பெபின் தந்த சோதனைப்படி, 3-ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பகா எண் என்றால் கடைசி மீதி 4294967296 ஆக இருக்கும். வருவது 10324303, எனவே 4294967297 பகா எண் அல்ல.

நிரலில் 32 பிட் மாறி வைத்தால் 4294967297 என்பது 1 ஆகச் சுருங்கிவிடும். குறியுள்ள 64 பிட் மாறியும் போதாது: மீதி 3037000499-ஐத் தாண்டினால் அதன் வர்க்கம் உள்ளே அடங்காது. பைத்தான் நிரல்மொழியில் இந்தத் தொல்லை இல்லை.