காற்றழுத்த வால்வில் காற்று எங்கே?

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: 'காற்றழுத்த வால்வுகளுக்குப் பதிலாக மின் வால்வுகளைப் பொருத்தினால் மீத்தேன் உமிழ்வு குறையும்.' இலக்கணத்தில் குறை இல்லை. பொருள்தான் நிற்கவில்லை. வால்வு காற்றால் இயங்குகிறது என்றால் அதிலிருந்து மீத்தேன் எப்படி வரும்? பஸ்ஸில் பிரேக்கும் காற்றால்தான் இயங்குகிறது. ஓட்டுநர் காலை எடுத்ததும் 'புஸ்' என்று காற்று வெளியே போகிறது, புவி ஒன்றும் சூடாகிவிடுவதில்லை. படிக்கிறவர் இந்த இடத்தில் ஒரு கணம் விழித்துவிட்டு, ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம் என்று அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார். கட்டுரை எதைச் சொல்ல வந்ததோ அது அங்கேயே போயிற்று.

'காற்றழுத்த' என்பதற்கு ஆங்கில மூலச்சொல் 'நியூமேட்டிக்'. கிரேக்கத்தில் 'நியூமா' என்றால் மூச்சு, காற்று. 1888இல் டன்லப் செய்த காற்றடைத்த டயர் 'நியூமேட்டிக் டயர்' ஆனது இதனால்தான். 'வால்வு' லத்தீன் 'வால்வா'விலிருந்து வந்தது. மடக்குக் கதவின் ஒரு பலகை என்று பொருள். 'மீத்தேன்' 1866இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர் வைத்த பெயர். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். அகராதியில் 'நியூமா: காற்று' என்று பார்த்ததோடு நிறுத்திக்கொண்டதால்தான் இந்தச் சிக்கலே வந்தது.

அகராதியை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போவோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல கிணறுகளுக்கு மின்கம்பி போகவில்லை. பூமிக்கடியிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் வாயுவும் கலந்து மேலே வரும். அதை ஒரு கலனில் விட்டுப் பிரிப்பார்கள். கலனில் நீர்மட்டம் ஏறினால் வால்வு திறந்து அதை வெளியே விட வேண்டும், மட்டம் இறங்கினால் மூட வேண்டும். இதை ஆள் இல்லாமல் செய்ய ஏதாவது ஒரு விசை வேண்டுமே? மின்சாரம் இல்லை. ஆனால் கிணற்றிலிருந்து வரும் வாயுவுக்கு அழுத்தம் உண்டு, அதுவும் செலவில்லாமல். அதில் கொஞ்சத்தைத் திருப்பி, வால்வின் தலையிலுள்ள சவ்வின்மேல் தள்ளினார்கள். சவ்வு அமுங்க வால்வு திறந்தது. வேலை முடிந்ததும் அந்த வாயுவை வெளியில் விட்டார்கள். அந்த வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். வால்வை இப்படி இயக்கும் கருவிகளில் சில ஒவ்வொரு முறை இயங்கும்போதும் வாயுவை விடும், சில நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை மீத்தேன் கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

ஆக, இந்த வால்வில் காற்றே இல்லை. இருப்பது எரிவாயு. அதை 'காற்றழுத்த வால்வு' என்று எழுதுவது, குற்றவாளியின் பெயரை அழித்துவிட்டு வழக்கை எழுதுகிற மாதிரி.

எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டில் வாயுக்கள் எல்லாவற்றையும் ஐரோப்பியர் 'காற்று' என்றுதான் சொன்னார்கள். கரியமில வாயு 'நிலைத்த காற்று', ஹைட்ரஜன் 'எரியும் காற்று'. 1776இல் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து மீத்தேனைப் பிடித்த இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டாவும் அதைச் சதுப்பில் பிறந்த எரியும் காற்று என்றே எழுதினார். அப்படியிருக்க மீத்தேனைக் காற்று என்றால் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு இதுதான்: அந்த வழக்கத்தை வேதியியல் அந்த நூற்றாண்டோடு விட்டுவிட்டது. இன்றைய தமிழில் காற்று என்றால் ஜன்னலைத் திறந்தால் வருவது, சைக்கிளுக்கு அடிப்பது. அடுப்பில் எரிவதைக் காற்று என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை, கேஸ் என்கிறோம். போதாக்குறைக்கு 'காற்றழுத்தம்' என்ற சொல்லை வானிலை அறிக்கை எப்போதோ குத்தகைக்கு எடுத்துவிட்டது. நவம்பர் மாதத்தில் 'காற்றழுத்த வால்வு' என்று படித்தால் குடையைத் தேடத் தோன்றும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகளை மாற்ற மின் மோட்டார் மட்டும்தான் வழி என்றில்லை. அதே பழைய வால்வை வைத்துக்கொண்டு, உள்ளே போகும் எரிவாயுவுக்குப் பதிலாக, கம்ப்ரஸர் வைத்து வெறும் காற்றைச் செலுத்தலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அதுதான் உண்மையான காற்றழுத்த வால்வு, அதிலிருந்து மீத்தேன் வராது. இப்போது நம் மொழிபெயர்ப்பாளர் என்ன எழுதுவார்? 'காற்றழுத்த வால்வுகளைக் காற்றழுத்த வால்வுகளாக மாற்றினார்கள்' என்றா? நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 மார்ச்சில் வெளியிட்ட விதிகளில், புதிய தளங்களில் இந்தக் கருவிகள் வாயுவே விடக்கூடாது என்று கேட்டது. மின்சாரம் எட்டாத அலாஸ்கா தளங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விதியில் 'நியூமேட்டிக்' என்ற அடைமொழியை எடுத்துவிட்டு 'செயல்முறைக் கட்டுப்படுத்தி' என்று பெயரிட்டார்கள். மின்சாரத்தில் ஓடுவதை எப்படி நியூமேட்டிக் என்பது? அவர்கள் விட்டுவிட்டதை நாம் தப்பான அர்த்தத்தோடு பிடித்துத் தொங்குகிறோம்.

சரி, என்ன சொல்வது? 'வளியியக்க வால்வு' என்பார்கள் தூய தமிழ் அன்பர்கள். வளி அருமையான பழஞ்சொல், ஐம்பூதங்களை எண்ணும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் இலங்கைத் தமிழில் காற்று மாசுக்கு 'வளி மாசடைதல்' என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்து வாசகருக்கு வளி என்றால் காற்று. பழைய குழப்பம் வேறு கதவால் உள்ளே வந்துவிடும். 'எரிவாயு வால்வு' என்று சுருக்கினால் அடுப்புக் குழாயில் இருப்பது நினைவுக்கு வரும். என் தேர்வு 'வாயுவியக்க வால்வு'. முதல் முறை வரும்போது 'கிணற்று எரிவாயுவால் இயங்கும் வால்வு' என்று விரித்து எழுதிவிடலாம், நாலு சொல் கூடினால் தாளுக்கு ஒன்றும் நோகாது. காற்றில் இயங்கினால் காற்றியக்க வால்வு, மோட்டாரில் இயங்கினால் மின்னியக்க வால்வு. வாயு வடசொல் என்று ஆட்சேபிப்பவர்கள் 'சமையல் எரிவாயு' என்று நாள் தவறாமல் எழுதுபவர்கள்தான்.

வால்வையும் மாற்ற வேண்டும் என்று 'ஓரதர்' என்ற சொல்லை முன்வைக்கிறார்கள். அதர் என்றால் வழி. 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்று குறளில் வரும் அதே அதர். ஓரதர் என்றால் ஒருவழி. இதய வால்வுக்கும் பம்புசெட்டின் ஃபுட் வால்வுக்கும் அது அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அவை திரும்பிப் போவதைத் தடுப்பவை. கலனடியில் திறந்து மூடுகிற வால்வின் வேலை அது இல்லை. எல்லா வால்வுக்கும் ஓரதர் என்றால், தெருக்குழாயின் கேட் வால்வும் ஒருவழி ஆகிவிடும். வயலில் நிற்பவர், பிளம்பர், டாக்டர் எல்லோரும் வால்வு என்கிறார்கள். அதை விட்டுவிடலாம்.

எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் சொல் 'கசிவு'. கிணற்றடியில் வெளிவரும் எல்லா மீத்தேனையும் 'கசிவு' என்றே எழுதித் தீர்க்கிறார்கள். கசிவு என்றால் கோளாறு. எங்கோ நட்டு தளர்ந்திருக்கிறது, வாஷர் தேய்ந்திருக்கிறது, ஆள் வந்து முடுக்கினால் சரியாகிவிடும். வாயுவியக்கக் கருவி வாயுவை விடுவது கோளாறே இல்லை, அதைச் செய்த விதம் அப்படி. கழற்றி எறிந்து வேறு வகையைப் பொருத்தினாலொழிய நிற்காது. இதற்கு 'வெளிவிடல்' என்ற தனிச்சொல் வேண்டும். கசிவு என்று சொல்லும்வரை, கம்பெனிக்காரர் 'சோதனை செய்தோம், எதுவும் கசியவில்லை' என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது. அவர்கள் குறைந்த வெளிவிடல் என்று பெருமையாகச் சொல்லும் வகைக்கு அமெரிக்க விதிகள் வைத்த வரம்பு மணிக்கு 6 கனஅடி. அந்த வரம்பை ஒட்டி ஒரே ஒரு கருவி ஆண்டு முழுக்க ஓடினால், போகும் வாயு ஏறத்தாழ 1,500 கனமீட்டர். அதாவது சுமார் ஒரு டன், ஒரு துளிகூடக் 'கசியாமல்'.