வயித்துவலின்னு எழுதிக்கோங்க டாக்டர்

இந்த மாசத்துல இது நாலாவது விஷக் கேஸ். நாலு பேரும் பொண்ணுங்க, 18ல இருந்து 25க்குள்ள. நாலு பேரைக் கூட்டிட்டு வந்தவங்களும் ஏதோ ஒப்பிச்சுட்டு வந்த மாதிரி ஒரே வரியத்தான் சொன்னாங்க, "தீராத வயித்துவலி டாக்டர், தாங்க முடியாம மருந்து குடிச்சுட்டா". 14 வருஷமா கேஷுவாலிட்டில உக்காந்திருக்கேன், ஆம்பளைங்க வந்தா கடன் தொல்லை, குடும்பத் தகராறுன்னு காரணம் வரும், கல்யாணம் ஆகாத பொண்ணு வந்தா மட்டும் வயித்துவலி, எந்த ஸ்கேன்லயும் சிக்காத வயித்துவலி.

எழுத வேணாம்னு தான் இருந்தேன், ஆனா கடைசியா வந்த பொண்ணுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. குறிஞ்சிப்பாடி பக்கம்னு வச்சுக்கோங்க, ஊர், வயசு, படிப்பு எல்லாம் மாத்தித்தான் எழுதுறேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும், ஷேர் ஆட்டோல போட்டு கூட்டிட்டு வந்தாங்க, அம்மா, சித்தி, அண்ணன், கூட ரெண்டு மாமாங்க. நான் பொண்ணைப் பாத்து "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டா அம்மா பதில் சொல்றாங்க, எத்தனை மணிக்குன்னு கேட்டா சித்தி பதில் சொல்றாங்க, பொண்ணோட போன் அண்ணன் சட்டைப் பாக்கெட்ல இருக்கு. தலை ஈரமா இருந்துச்சு, கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி குளிப்பாட்டி வேற டிரஸ் மாத்தியிருக்காங்க. உயிருக்குப் போராடுற புள்ளைய முதல்ல குளிப்பாட்டணும்னு யாருக்குங்க தோணும்?

எங்க ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, இந்த விஷயத்துல எனக்கே டீச்சர் அவங்கதான். "டியூப் போடணும், துணி கழட்டணும், எல்லாரும் வெளிய போங்க"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. ஸ்கிரீனை இழுத்து விட்டதும் லைட்டைக் கிட்ட கொண்டு வந்து பாத்தேன். வலது தாடைல ஒரு கட்டை விரல் அளவுக்குக் கன்னிப்போன தடம், இடது தாடைல மூணு தடம் வரிசையா, நாலாவது காதுகிட்ட மங்கலா. மேல் உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறோட ஒட்டியிருக்குற அந்த சின்ன மடிப்பு கிழிஞ்சிருக்கு. மணிக்கட்டு முழுக்கக் கண்ணாடி வளையல் உடைஞ்சு குத்துன கீறல். தானா டம்ளர எடுத்துக் குடிக்கிற யாருக்கும் இப்படி ஆகாது, போஸ்ட்மார்ட்டம் ரூம் பக்கமே போகாத ஹவுஸ் சர்ஜனுக்கு, அதான் பயிற்சி டாக்டருக்குக் கூட இது தெரியும்.

அவ கேட்டது என்ன தெரியுமா, "நாளைக்கு பிராக்டிகல் இருக்கு டாக்டர், போக முடியுமா?" அதுக்கப்புறம் தான், ரொம்ப நேரம் கழிச்சு, "நானா குடிக்கல".

கூட படிக்கிற பையன் வண்டில சில்வர் பீச் வரைக்கும் போயிருக்கா. பையன் காலனி, தலித். யாரோ பாத்து ஊருக்குள்ள சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம், காதலா இல்லையான்னு அவளே இன்னும் முடிவு பண்ணல.

இதுல எனக்கு ரொம்பப் பத்திக்கிட்டு வர்ற இடத்துக்கு வரேன். அந்த அண்ணன்காரனை எனக்கு ஏற்கனவே தெரியும். பொங்கல் சமயத்துல முள்ளோடை தாண்டி பாண்டி ஏரியாக்குள்ள போய் குடிச்சுட்டு திரும்பி வர்றப்ப வண்டில இருந்து விழுந்து நெத்தில ஏழு தையல், நான்தான் போட்டேன். அன்னைக்கும் இதே அம்மா தான் வந்தாங்க, இளநியோட, "சின்னப் புள்ள டாக்டர், ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாங்கன்னு போயிட்டான்". அன்னைக்கு வீட்டு மானம் எங்கயும் போகல. அது பையன் வண்டில ஏறாதாம், பொண்ணு வண்டில மட்டும் தான் ஏறுமாம்.

இது ஒரே நாள்ல வர்றது இல்லங்க. பையனுக்கு சாயங்காலம் காய்ச்சல் அடிச்சா ராத்திரி எட்டு மணிக்கு என் டேபிள் முன்னாடி நிப்பான், பொண்ணுக்கு காய்ச்சல்னா நாலாவது நாள் மயங்கி விழுந்ததுக்கு அப்புறம் வருவா. காலேஜ் பொண்ணுங்களுக்கு ஹீமோகுளோபின் பாத்தா ஏழு, எட்டு. தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்த சோகைன்னு 2019-21 குடும்ப நல ஆய்வுல வந்திருக்கு, எனக்கு அது ஆச்சரியமே இல்ல, கடைசியா சாப்பிடுறவங்களுக்கு என்ன மிஞ்சுமோ அது தான ரத்தத்துல இருக்கும். முட்டை யாருக்கு, போன் யாருக்கு, நிலம் யாருக்குன்னு பொறந்ததுல இருந்து பிரிச்சு பிரிச்சு பழகுன வீடு தான், கடைசில இவ உயிரோட இருக்கலாமான்னும் தாங்களே உக்காந்து முடிவு பண்ணுது.

சரி, இப்ப அந்த வயித்துவலிக்கு வரேன். ஏன் எல்லாரும் அதையே சொல்றாங்க? "உண்மைய சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், பொண்ணை ஜெயில்ல போட்டுடுவாங்க." இத படிச்சவங்களும் சொல்றாங்க, போன வருஷம் ஒரு ஸ்கூல் வாத்தியார் என்கிட்ட சட்டம் பேசுனார். தயவு செஞ்சு ஒரு தடவை ஒழுங்கா கேட்டுக்கோங்க. தற்கொலை முயற்சிக்குன்னு இருந்த பழைய 309 பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது சட்டத்துல இல்லவே இல்ல. அதுக்கும் முன்னாடியே, 2018ல அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 115வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அப்படி முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னு தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பு குடுக்க வேண்டியது அரசாங்கத்தோட கடமை. அதனால விஷம்னு வந்தா நான் போலீஸுக்கு தகவல் குடுப்பேன், குடுத்தே ஆகணும், ஆனா அது பொண்ணை ஜெயிலுக்கு அனுப்ப இல்ல. வயித்துவலின்னு எழுதுனா யாரு தப்பிக்கிறாங்கன்னு மட்டும் யோசிங்க. பொண்ணா? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குற அஞ்சு பேரா? இத்தனை வருஷத்துல வயித்துவலின்னு எழுதச் சொல்லி எந்தப் பொண்ணும் என்கிட்ட கேட்டதில்ல, கேக்குறது எல்லாம் கூட வந்தவங்க தான்.

இன்னொன்னு, பொய் சொல்றதால வைத்தியமே தப்பாப் போகுது. என்ன மருந்து, எப்பன்னு தெரியாம நாங்க இருட்டுல தடவிட்டு இருப்போம். டப்பாவ ஒளிச்சு வைக்காம கையோட எடுத்துட்டு வாங்க, அப்புறம் ரெண்டாவது நாள் எழுந்து உக்காந்து காபி கேக்குறான்னு "நல்லாதான இருக்கா, எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்"னு எழுதிக் குடுத்துட்டு கிளம்பாதீங்க. சில மருந்துக்கு அஞ்சாவது நாள், பத்தாவது நாள் தான் வேலையே ஆரம்பிக்கும். அப்படிக் கூட்டிட்டுப் போய் திரும்ப வராத மூஞ்சிங்க எனக்கு நிறைய ஞாபகம் இருக்கு, அதுல எத்தனை மருந்தால, எத்தனை வீட்டாளுங்களாலன்னு எனக்கே சந்தேகம்.

நம்ம கடலூர் மாவட்டத்துல இருந்துகிட்டு ஆணவக் கொலைய "வடநாட்டு விஷயம்"னு சொல்றவங்கள பாத்தா என்ன சொல்றதுன்னே தெரியல. விருத்தாசலம் பக்கத்துல 2003 ஜூலைல, சாதி மாறி கல்யாணம் பண்ண கண்ணகி, முருகேசன் ரெண்டு பேரையும் ஊர் பாக்க விஷத்தை ஊத்திக் கொன்னு எரிச்சாங்க, அவங்க மே மாசம் தான் கடலூர்ல பதிவுத் திருமணம் பண்ணியிருந்தாங்க. டாக்டரா எனக்கு அந்த வழக்குல உறுத்துறது என்னன்னா, ஆஸ்பத்திரி இல்ல, ஏ.ஆர். (ஆஸ்பத்திரில எழுதுற விபத்துப் பதிவேடு) இல்ல, போஸ்ட்மார்ட்டம் இல்ல. போலீஸே முதல்ல வேற கதை எழுதுச்சு, அப்புறம் சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் கோர்ட்ல தீர்ப்பு வர 2021 ஆச்சு, 18 வருஷம். பொண்ணோட அண்ணனோட சேத்து போலீஸ்காரங்களுக்கும் தண்டனை. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. பேப்பர்ல ஒரு வரி சரியா எழுதியிருந்தா எவ்வளவு வருஷம் மிச்சமாகியிருக்கும்னு நான் யோசிப்பேன், அங்க எழுதவே ஆள் இல்ல. இங்க நாம இருக்கோம்ல?

அதனால முதல்ல எங்க ஆளுங்களுக்கு சொல்றேன், ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு. சொந்தக்காரங்க இல்லாம பேஷன்ட்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசாம ஏ.ஆர்.ல கை வைக்காதீங்க. "வயித்துவலியால் விஷம் அருந்தியதாக" அப்படின்னு யாரு சொன்னான்னு எழுதுங்கடா, அம்மா சொன்னாங்கன்னா அம்மா சொன்னதாகன்னு எழுது, ஒரு வார்த்தை தான, கை வலிக்குமா? காயத்தை அளந்து எழுது, நிறத்தை எழுது. நிலைமை மோசமா இருந்தா மாஜிஸ்திரேட் வாக்குமூலத்துக்கு உடனே எழுதி அனுப்பு, விடியட்டும்னு உக்காராத. அப்புறம் டி.வி. ஆக்ட், அந்த 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், புருஷன் அடிச்சா பொண்டாட்டிக்கு மட்டும்னு நினைச்சிட்டு இருக்கீங்க, இல்ல, ஒரே வீட்டுல இருக்குற மகளுக்கும், தங்கச்சிக்கும் அது பொருந்தும். அதோட முதல் ஃபாரத்தை எடுத்துப் படிச்சுப் பாருங்க, பிடிச்சவங்கள கல்யாணம் பண்ண விடாம தடுக்குறது, பிடிக்காத கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துறது, வீட்ட விட்டு வெளிய போக விடாதது, எல்லாம் வன்முறைன்னு வரிசையா அச்சடிச்சே வச்சிருக்கான். அந்த ஃபாரத்தை நிரப்பி பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு நமக்கும் இருக்கு, மெடிக்கல் ரிப்போர்ட் காப்பி அந்தப் பொண்ணுக்கு இலவசமா குடுக்கணும். எங்க டிபார்ட்மென்ட்ல பாதிப் பேருக்கு இந்த ஃபாரம் இருக்குறதே தெரியாது, எனக்கே ஆறு வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுது, வெக்கமா தான் இருக்கு.

கடலூர்ல இருந்து பாண்டில இருக்குற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணா இன்னொரு கூத்து, சம்பவம் எந்த ஸ்டேட்ல நடந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் பந்து உருட்டுவாங்க. ஜீரோ எஃப்.ஐ.ஆர். இப்ப சட்டத்துலயே இருக்கு, எந்த ஸ்டேஷன்லயும் வாங்கித்தான் ஆகணும், "எங்க லிமிட் இல்ல"ன்னு சொன்னா நம்பி திரும்பி வராதீங்க.

பொண்ணுங்களே, உங்களுக்கு. ஆஸ்பத்திரில தனியா விடச் சொல்லிக் கேளுங்க, பேச முடியலன்னா என் கையை அழுத்துங்க, புரிஞ்சுக்குற ஒருத்தங்க எந்த டூட்டிலயும் இருப்பாங்க. 18 முடிஞ்சுதுன்னா உங்களை யார்கிட்டயும் "ஒப்படைக்க" ஸ்டேஷனுக்கு உரிமை கிடையாது, எழுதி வாங்கிட்டு அப்பா கூட அனுப்புறதெல்லாம் அவங்க வேலைய சுலபமாக்கிக்க. வீட்ட விட்டு வந்ததுக்கு அப்புறம் "வாம்மா, ஊரறிய கல்யாணம் பண்ணி வைக்கிறோம்"னு போன் வந்தா, பாட்டிக்கு சீரியஸ்னு வந்தா, தனியா போகவே போகாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். சர்டிஃபிகேட், ஆதார் காப்பி ஒரு செட் நம்பிக்கையான தோழி வீட்டுல இருக்கட்டும். 181 பெண்கள் உதவி எண், அவசரம்னா 112, 18 வயசு ஆகலன்னா 1098. வக்கீலுக்குக் காசு இல்லன்னு பயப்படாதீங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100. வாழவே வேணாம்னு தோணுச்சுன்னா 14416க்குக் கூப்பிடுங்க, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எடுப்பாங்க.

பக்கத்து வீட்டுக்காரங்களே, அலறல் கேட்டா டி.வி. சத்தத்தைக் கூட்டாதீங்க. வேற என்ன சொல்ல.

அந்தப் பொண்ணு பொழச்சுட்டா. ஒன்பது நாள் கழிச்சு சகி சென்டர் (பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கான அரசு உதவி மையம்) வண்டில ஏறிப் போனா, போறப்ப நர்ஸ் அக்காவோட செருப்பைப் போட்டுட்டுப் போனா, அவளுக்கு செருப்பு கூட எடுத்துட்டு வரல வீட்டுல. பிராக்டிகல் திரும்ப வைக்கச் சொல்லி லெட்டர் நான் எழுதிக் குடுத்திருக்கேன்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் வந்தான், நெத்தித் தையல் நல்லா ஆறியிருந்துச்சு. ஏ.ஆர். காப்பி வேணுமாம், அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணுமாம். "தம்பி, அது உன் தங்கச்சி பேர்ல இருக்குற பேப்பர், அவ வந்து கேட்டா தரேன்"னு சொன்னேன். ஒண்ணும் பேசல, போய் எதிர் டீக்கடைல நின்னான். என் டூட்டி முடிஞ்சு வெளிய வர்றப்பவும் அங்கயே நின்னுட்டு இருந்தான். அன்னைக்கு நான் பஸ்ஸுக்கு நிக்கல, ஆட்டோ வச்சு தான் வீட்டுக்குப் போனேன்.