சொரியாசிஸ்: இடையின ‘ரி’யா, வல்லின ‘றி’யா?

மதுரை சிம்மக்கல் பக்கம் சுவர்களில் ஒட்டியிருக்கும் வைத்திய நோட்டீஸ்களில் சொரியாசிஸ் என்ற தோல் நோயை ‘சொறியாசிஸ்’ என்று போடுகிறார்கள். இப்போது நன்றாகப் படித்தவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். எழுத்துப் பிழைதானே என்று விட முடியாது. அந்த ‘றி’ குடும்பத்தைப் பிரிக்கிறது.

சொல்லின் மூலம் கிரேக்கம். ‘சோரா’ என்றால் அரிப்பு. நம் ‘சொறி’யோடு ஓசை ஒத்துப்போனது தற்செயல். ஐரோப்பாவிலும் சொரியாசிஸைத் தொழுநோயோடு போட்டுக் குழப்பியிருந்தார்கள். 1841-ல் வியன்னா மருத்துவர் ஹீப்ராதான் தெளிவாகப் பிரித்தார்.

சொறி ஒட்டும். சிற்றுண்ணி தோலுக்குள் புகுந்து வருவது, ஒரே பாயில் படுத்தால் அடுத்தவருக்கும் வரும். சொரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிவிடுகிறது. ஒரு மாதம் போல எடுத்து மேலே வர வேண்டிய தோல் செல்கள் சில நாளிலேயே வந்து குவிந்து உதிர்கின்றன. தொட்டாலும் ஒட்டாது, கூடினாலும் ஒட்டாது. இது தொற்றா நோய் என்று உலக சுகாதார அமைப்பின் 2014 தீர்மானமே சொல்கிறது.

எனக்கு மதினி முறை வேண்டும் ஒருவருக்கு முழங்கையிலும் முதுகிலும் வந்தது. மாமியார் தனிச் சோப்பு, தனித் துண்டு என்று ஒதுக்கினார். அண்ணன் தலையணையோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மதினி விடியுமுன் எழுந்து, போர்வையில் கிடக்கும் வெள்ளைப் பொருக்கை உதறிவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போவார். “ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு தம்பி. பேருலயே சொறி இருக்கேங்கிறாக” என்றார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இணையம் முழுக்க ‘தடிப்புத் தோல் அழற்சி’. எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. கொசு கடித்தால் வருவது தடிப்பு, மீன் ஒத்துக்கொள்ளாவிட்டால் வருவது தடிப்பு. சில மணி நேரத்தில் அமுங்கிவிடும். இதுவோ வருஷக்கணக்கில் வந்து வந்து போவது. தடித்தது தோலா, நோயா என்பதும் விளங்கவில்லை. அழற்சி சரியான சொல்தான், ஆனால் மூன்று சொல்லைக் கோத்து எந்த நோயாளி வாயால் சொல்வார்? சித்த வைத்தியர்கள் வெட்பாலைத் தைலம் கொடுக்கும்போது சொல்லும் ‘காளாஞ்சகப்படை’ மரபுச் சொல், மதிக்கிறேன். ஆனால் படை என்றதும் படர்தாமரை நினைப்பு வரும், அதுவும் ஒட்டுவதே. ‘செதில் நோய்’ போதும். மீன் ஞாபகம் வருமே என்பார்கள். வரட்டும், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, ஒட்டும் என்று சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. தோல் நோயாளி எப்படி வாழ்கிறார் என்று அளக்க 1994-ல் வந்த பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கேள்வி தாம்பத்தியம் பற்றியது. இப்படி அளப்பதை ‘வாழ்க்கைத் தரம்’ என்றால் சம்பளம், வீடு, வண்டி என்றுதான் படும். ‘வாழ்வு நலம்’ என்று சொல்லலாம். அந்தக் கேள்வியையும் ‘பாலியல் இடர்ப்பாடு’ என்று எழுதினால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கூசி, இல்லை என்று குறித்துவிடுவார்கள். வீட்டுக்காரரோடு சேர்ந்து இருப்பதில் சங்கடம் உண்டா என்று கேளுங்கள், பதில் வரும்.