கற்றாழைக்குத் தினமும் தண்ணீர் எதற்கு?

அழுகிய கற்றாழையைத் தொட்டியோடு எங்கள் நர்சரிக்குத் தூக்கி வருகிறவர்கள், உச்சிப்புளிக்காரர்களானாலும் கீழக்கரைக்காரர்களானாலும், சொல்வது ஒன்றுதான்: "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே!" அதுதான் காரணம் என்றால் முகம் வாடிவிடுகிறது.

சதைப்பற்றுள்ள செடிகளில் பெரும்பாலானவை பகல் வெயிலில் நீர் ஆவியாகிப் போகாமல் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அதை அமிலமாகச் சேர்த்து மறுநாள் செலவழிக்கும். ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் பிற்பகலில் புளிப்பு போய்விடுவதையும், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் கவனித்து எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். அந்த இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு. ஆடு வளர்ப்பவர்கள் அதை எட்டாத இடத்தில் வையுங்கள்.) இப்படிச் சிக்கனமாக வாழும் செடியின் வேர் எப்போதும் ஈரத்தில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும்.

நம் இராமநாதபுரக் கரையில் உப்பு இன்னொரு தொல்லை. போர் தண்ணீர் பல ஊர்களில் உவர். நீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மண்மேல் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் அதுதான். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, மண் அடிவரை காய்ந்த பிறகு அடித்துளை வழியே ஓடும்படி ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது. ஆனால் அடைமழையில் தொட்டி மட்டும் நனையக்கூடாது, தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள். கடற்கரை மணலை அள்ளிவந்து கலப்பவர்களும் உண்டு. இலவசமாக உப்பைச் சுமந்து வருவதுதான் அது! செங்கல்லை உடைத்துக் கலந்தாலே நீர் நன்றாக வடியும்.

இணையத்தில் படம் பார்த்துவிட்டு செடம், எச்செவேரியா கேட்கிறார்கள். பெரும்பாலும் மலைநாட்டுச் செடிகள் அவை. மண்டபத்துச் சித்திரை வெயிலும் இரவுப் புழுக்கமும் அவற்றுக்கு ஒத்துவராது. விற்றால் எனக்கு லாபம்தான், இருந்தாலும் சோற்றுக் கற்றாழை, மருள், அடீனியம் என்றுதான் கைகாட்டுகிறேன். வேலியில் பிரண்டை ஏற்றிவிட்டால் துவையலுக்கும் ஆகும். கற்பூரவல்லிக்கு மட்டும் உச்சிவெயில் படாத மூலை வேண்டும்.

அடீனியத்தின் சாறும் நஞ்சு; கிளை நறுக்கினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேலித் திருகுகள்ளியை வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம். அதன் பால் கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விடாமல், நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.